ஒன்பதாம் வால்வும் ஒரு பச்சை டிக்கும்

"உங்க கம்ப்யூட்டரு பொய் சொல்லுதுக்கா."

மாரிகுப்பத்தில் கிளம்பும் முதல் வண்டி. ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பங்காரப்பேட்டை வரை ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று கண்ணை மூடினேன். மூடிய கண்ணை இந்த ஒரு வரி திறந்துவிட்டது.

எதிரில் சாந்தி. எங்கள் காலனியில் கடைசி லைன், அதாவது கடைசி வரிசை வீடு. பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தினமும் இதே வண்டி. வீட்டுக்காரர் பெங்களூரிலேயே செக்யூரிட்டி வேலையில் தங்கியிருக்கிறார், வாரம் ஒருமுறை வந்துபோவார். வழக்கமாக, "இன்னாக்கா, இன்னிக்கு ஆபீஸா?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பாள். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

என் கம்ப்யூட்டர் யாரிடமும் பொய் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பெங்களூர் ஆபீஸ், மற்ற நாட்கள் வீட்டிலிருந்தே வேலை என்று காலம் தள்ளுகிற சாஃப்ட்வேர் டெஸ்டர் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதனாலேயே காலனியில் எந்தத் திரையில் எது தப்பாகத் தெரிந்தாலும் அது 'என்' கம்ப்யூட்டர். பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு விழுந்தால்கூட என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

"எந்தக் கம்ப்யூட்டர் சாந்தி?"

"தண்ணி கம்ப்யூட்டரு."

அப்படியா சங்கதி.

எங்கள் ஊரில் தண்ணீர் என்பது தனி அரசியல். பூமிக்குள் எவ்வளவோ ஆழத்துக்குப் போய்த் தங்கம் எடுத்த ஊர். குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுப்பது மட்டும் இன்றைக்கும் தகராறுதான். காலனிக்கு என்று ஒரு போர்வெல், ஒரு தொட்டி, லைனுக்கு ஒன்றாக ஒன்பது வால்வு. முன்பெல்லாம் வால்வைத் திறக்கும் ஆளின் மனநிலையைப் பொறுத்துத் தண்ணீர் வரும். சண்டை தாங்காமல் காலனி சங்கத்தார் எல்லோரிடமும் வசூல் செய்து ஒரு ஆட்டோமேட்டிக் ஏற்பாடு போட்டார்கள்.

பம்பு ஷெட்டில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எந்த வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, எல்லாம் அதன் வேலை. சங்க ஆபீஸில் ஒரு பெரிய திரை. அதில் ஒன்பது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நேரம். நேரத்தை மாற்ற வேண்டுமா... திரையில் மாற்றி 'சேவ்' அமுக்க வேண்டியதுதான். தண்ணீர் விட்டு முடிந்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு பச்சை டிக் விழும். பார்க்கவே அழகாக இருக்கும்.

ஒன்பதாவது வால்வு சாந்தி இருக்கும் மேட்டுப் பக்கம். அங்கே நான்கு வீடுகள். மற்ற மூன்றும் பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் பெங்களூர் போய்விட்டார்கள். ஆக, அந்த வால்வு சாந்தி ஒருத்திக்குத்தான். ஆரம்பத்தில் அதற்குக் காலை ஆறரை மணி என்று போட்டிருந்தார்கள். ஆறரைக்கு அவள் ரயிலில் இருப்பாள். சங்கத்தில் போய்க் கேட்டாள். நியாயம்தானே என்று விடியற்காலை நாலு மணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"தண்ணி வர்லக்கா. மாத்தின மறுநா வந்துச்சி. அதோட சரி. நாலு மணிக்கு எழுந்து பைப்ப தொறந்து வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கேன். ஒரு சொட்டு இல்ல. திரும்பி வந்து நாலாவது லைன்ல போயி கொடம் தூக்குறேன். சொன்னா, கம்ப்யூட்டர்ல டிக் விழுந்துகீது, நீதான் தூங்கிட்டிருப்பன்றாங்க."

நாலாவது லைன் எங்கள் லைன். எங்கள் பைப்பில் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் கொட்டுகிறது.

சாந்தி போனை எடுத்து நீட்டினாள். காலனி வாட்ஸப் குரூப்பில் செக்ரட்டரி போட்ட படம். சாந்தி வீட்டு வாசல். பைப் திறந்தபடி இருக்கிறது, தண்ணீர் படியிறங்கி ரோடு வரை ஓடுகிறது. கீழே வாசகம்: 'ஒன்பதாம் வால்வு வீட்டில் பைப்பை மூடாமல் வேலைக்குப் போய்விட்டார்கள். காலனித் தண்ணீர் வீண். ஞாயிறு மீட்டிங்கில் வால்வை நிரந்தரமாக மூடுவது பற்றி முடிவு.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தக் கட்டைவிரல்களில் ஒன்று எங்கள் வீட்டுக்காரருடையது என்பதையும் கவனித்தேன்.

"நாலு மணிக்கு வர்லன்னுதான் அப்டியே ஓடியாந்தேன். வண்டிக்கி டைம் ஆயிடுச்சி. காலியா கீற பைப்ப மூடணும்னு யாருக்குக்கா தோணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் திரையில் அன்றைக்கும் நாலு மணிக்கு டிக் விழுந்திருக்கிறது. ஆகவே சங்கத்தின் தீர்ப்பு சுலபம். நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது, இவள் பைப்பைத் திறந்துபோட்டுவிட்டு வண்டிக்கு ஓடிவிட்டாள்.

"வால்வ மூடிட்டா நான் ஊர காலி பண்ணிக்கினு போவணும்க்கா. அதுகூட பரவால்ல. தண்ணிய வீணாக்குனவன்னு போட்டுட்டாங்களே. எங்கம்மா வீட்டு ஆளுங்களும் அந்த குரூப்ல கீறாங்க."

அவள் அழவில்லை. கோபம்தான். எனக்கும் கோபம் வந்தது. ஒரு பெண் வாயால் சொல்வதைவிட ஒரு பச்சை டிக்குக்கு மதிப்பு அதிகம் என்றால், அந்த டிக்கை ஒரு கை பார்ப்பதென்று பங்காரப்பேட்டை வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். தூக்கம் போனது போனதுதான்.

சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கி நேராக சங்க ஆபீஸ். செக்ரட்டரி தேவராஜ் சார் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே பெரிய இன்ஜினியரிங் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்தத் தண்ணீர்த் திட்டத்தை ஒற்றை ஆளாக அலைந்து கொண்டுவந்தவர். அதைக் குறை சொன்னால் சொந்தப் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி அவருக்கு.

"நீயே பாரும்மா. ஒன்பதாவது வால்வு, நாலு மணி. டிக் விழுந்துகீது. மெஷினுக்கு அந்தப் பொண்ணு மேல இன்னா கோவம்?"

பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"சார், மறுபடி ஒருமுறை சேவ் பண்ணுங்களேன்."

"உனுக்காகப் பண்றேன்" என்று பண்ணினார். மறுநாள் விடியும்போது சாந்தியிடமிருந்து மெசேஜ். 'வந்துச்சிக்கா.' தேவராஜ் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? சொன்னேன்ல? இப்ப மட்டும் எப்டி எழுந்தா?" என்று கேட்டார். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது, மறைப்பானேன்.

அதற்கு மறுநாள் சனிக்கிழமை. ரயிலிலிருந்து சாந்தி போன் செய்தாள்.

"வர்ல."

டெஸ்டர்களுக்கு இந்த வார்த்தை காதில் விழுந்தால் ஒரு சுறுசுறுப்பு வரும். எப்போதும் வராத தண்ணீர் ஒரு மாதிரிப் பிரச்சினை. எப்போதும் வருகிற தண்ணீர் பிரச்சினையே இல்லை. சேவ் பண்ணிய மறுநாள் மட்டும் வந்து, அப்புறம் நின்றுபோகிற தண்ணீர் இருக்கிறதே... அது யாரோ எதையோ மறக்கிறார்கள் என்று அர்த்தம். சாந்தி இல்லை. மெஷின்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பம்பு ஷெட்டுக்குப் போனேன். அங்கே முனுசாமி அண்ணன் பேனலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுரங்கம் மூடும்வரை ஆட்கள் போய்வரும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை ஷாஃப்ட் குழிக்குள் ஏற்றி இறக்கும் இன்ஜின் ஹவுஸில் வேலை பார்த்தவர். இப்போது சங்கத்தின் பம்பு ஆள். கிரீஸ் கறை இல்லாத பம்பு ஷெட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒன்பதாவது வால்வு எப்ப ஓடுது?"

"ஆறரைக்கி. எப்பவும் போல."

"நாலு மணிக்குன்னு மாத்தினாங்களே?"

"ஆபீஸ்ல மாத்திருப்பாங்க. இங்க யாரும் சொல்லலியேம்மா."

இருவரும் காத்திருந்தோம். ஆறரை ஆனது. 'டக்' என்று ஒன்பதாவது வால்வு திறந்து, மூடிய பைப்பை நோக்கித் தண்ணீர் கிளம்பியது. என் போனில் அதே சங்கத் திரையைத் திறந்து வைத்திருந்தேன். அதில் ஒன்பதாவது கட்டம் நாலு மணிக்கே வேலை முடிந்ததாகச் சொல்லிப் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணெதிரே தண்ணீர் ஓடுகிறது, கையில் இருப்பது எப்போதோ ஓடி முடிந்தது என்கிறது. படத்தில் பார்த்த தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று இப்போது புரிகிறதா?

லேப்டாப்பை மாட்டி டிபன் பாக்ஸின் வயிற்றைக் கிளறினேன். முதலில் கண்ணில் பட்டது, அந்தக் கம்ப்யூட்டர் அன்று காலை ஐந்து மணிக்குத்தான் புதிதாக ஆன் ஆகியிருக்கிறது. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

"ஐந்து மணிக்கு கரண்ட் போகுதாண்ணே?"

"கரண்டெல்லாம் போவல. நான்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்றேன். ட்ரையல்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது ஆட்களைக் கேஜில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் இறக்குவதற்கு முன், காலிக் கேஜை ஒருமுறை கீழே விட்டு மேலே எடுத்துப் பார்ப்பார்கள். கயிறு, பிரேக், எல்லாம் சரியா என்று. அதன் பிறகுதான் ஆள். எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்த ஒரு காலி ஓட்டத்தில் இருந்தது. முனுசாமி அண்ணனுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. லைன்களுக்குத் தண்ணீர் விடுமுன் தினமும் மெயின் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டு, மோட்டாரைச் சும்மா ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு விடுவார். அவரிடம் யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் இருக்கவும் யாரும் சொல்லவில்லை.

அங்கேதான் இருந்தது வினை.

ஹோட்டலுக்குப் போகிறீர்கள். சப்ளையரிடம் தோசை சொல்கிறீர்கள். அவர் உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தன் கையில் உள்ள சீட்டில் 'தோசை' என்று எழுதிக்கொள்கிறார். உள்ளே மாஸ்டர் அதைக் காதில் வாங்கினாரே தவிர, எங்கும் எழுதிவைக்கவில்லை. நடுவில் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வருகிறார். வந்ததும் சுவரில் முதல் நாளே ஒட்டிவைத்த பழைய அட்டையைப் பார்க்கிறார். அதில் இட்லி என்று இருக்கிறது. இட்லி போடுகிறார். வெளியே சப்ளையரோ தன் சீட்டைப் பார்த்து, தோசை போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவரே டிக் போட்டுக்கொள்கிறார். தட்டில் என்ன விழுந்தது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் தண்ணீர்த் திட்டம் அச்சாக இதுதான். திரையில் மாற்றிய நேரத்தை ஷெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் மனதில் மட்டும் வைத்துக்கொண்டது. அணைத்தால் மனசு காலி. போட்டவுடன், இன்ஸ்டால் செய்த அன்று எழுதிவைத்த பழைய நேரங்களை எடுத்துக்கொண்டது. திரையிடம் தனியாக ஒரு நகல். அது புது நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. டிக் விழுவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. தன்னிடம் எழுதியிருக்கும் நேரம் தாண்டியதா... போடு ஒரு டிக்.

மற்ற எட்டு லைனிலும் ஏன் தகராறு இல்லை? அங்கெல்லாம் முதல் நாள் போட்ட நேரத்தை யாரும் மாற்றவே இல்லை. பழையதும் புதியதும் ஒன்று. காலனியிலேயே மாற்றம் கேட்டவள் சாந்தி ஒருத்திதான். ஆகவே மாட்டிக்கொண்டவளும் அவள் ஒருத்திதான். வசதியாக இருந்த எட்டு லைன்காரர்களும் மெஷின் சரியாக இருப்பதற்குத் தாங்களே சாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த சின்னக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தார்.

"ஸ்கிரீன்ல சேவ் ஆகுதா மேடம்?"

"ஆகுது."

"அப்ப எல்லாம் ஓகே மேடம்."

"தண்ணி வரலையே தம்பி."

"ஸ்கிரீன்ல காட்டுதுல்ல மேடம்?"

இதற்குமேல் பேசினால் எனக்கு பி.பி. ஏறும். "நானே கை வைக்கலாமா?" என்றேன். "தாராளமா மேடம்" என்றார், தொல்லை விட்ட நிம்மதியில். பாஸ்வேர்டு வந்துசேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டிங். கையில் இருப்பது சனிக்கிழமை ஒரு பகல். மத்தியானச் சாப்பாட்டை ஓட்டலில் வாங்கிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரரிடம் தெரிவித்தேன். அவர் "ம்" என்றார்.

இந்த 'ம்' பற்றி ஒரு வார்த்தை. கல்யாணமான பெண்களுக்குத் தெரியும். கேஸ் புக் பண்ணுங்க. ம். கரண்ட் பில் கட்டிடுங்க. ம். அது காதில் விழுந்ததற்கான ம்-ஆ, செய்கிறேன் என்ற ம்-ஆ, செய்தாகிவிட்டது என்ற ம்-ஆ? நாம் அதை மூன்றாவதாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். சிலிண்டர் தீரும் அன்றைக்குத்தான் அது முதலாவது என்று தெரிகிறது. அந்தப் பச்சை டிக் வேறொன்றுமில்லை, ஒரு 'ம்'.

நான் செய்த வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. நேரங்கள் இனி ஒரே இடத்தில்தான் இருக்கும், அது ஷெட். அங்கேயும் மனசில் இல்லை, அணைத்தாலும் அழியாத மெமரி கார்டில். திரைக்கென்று சொந்த நகல் கிடையாது. திறக்கும்போதெல்லாம் ஷெட்டைக் கேட்டுத்தான் காட்ட வேண்டும். சேவ் அமுக்கினால், ஷெட் எழுதிவைத்துவிட்டுத் திருப்பிச் சொல்லும்வரை புது நேரம் திரையில் வராது. வால்வு நிஜமாகத் திறந்து மூடியதாக ஷெட் சொன்னால்தான் டிக். ஷெட்டிடமிருந்து பதிலே இல்லையா? கட்டத்தில் 'தெரியவில்லை' என்று வரும்.

சொல்ல ஒரு பத்தி. செய்ய ஒரு பகல் முழுக்க ஆனது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடித்தது. என் போனில் மாற்றினால் ஆபீஸ் திரை பழையதையே பிடித்துக்கொண்டு நின்றது. ஆபீஸில் மாற்றினால் போன் முறைத்தது. ஒரு கட்டத்தில் போதும், அண்ணனிடம் சொல்லி சுவிட்சை அணைக்காமல் இருக்கச் செய்தால் தீர்ந்தது என்றுகூடத் தோன்றியது. தோன்றிய மறுநிமிஷமே அந்த யோசனையைத் தூக்கி எறிந்தேன். நாளைக்கு நிஜமாகவே கரண்ட் போனால்? மறுபடி சாந்தி வாசலில் தண்ணீர் ஓடும், மறுபடி ஒருவர் போட்டோ எடுப்பார். அது நடக்க விடுவதாயில்லை.

ஞாயிறு காலை. சங்க ஆபீஸில் நாற்காலி போதாமல் ஆட்கள் நின்றார்கள். சாந்தி முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. வழக்கமாகப் பெண்கள் பின்னால்தான் உட்காருவார்கள். அன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்த விதமே ஒரு அறிவிப்பு மாதிரி இருந்தது.

"முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் குடுங்க சார்" என்றேன்.

முந்தின நாள் சோதித்துப் பார்த்த புது வேலையை எடுத்துவிட்டு, பழையதையே திரும்பப் போட்டுவைத்திருந்தேன். வேண்டுமென்றேதான். முதலில் பழையது தன் கைவரிசையை எல்லோர் முன்னிலும் காட்டட்டும். ஒன்பதாம் வால்வுக்கு நாலு மணி என்று தேவராஜ் சாரையே சேவ் பண்ண வைத்தேன். லேப்டாப்பில் ஷெட்டின் மனதில் இருப்பதைக் காட்டினேன். நாலு மணி. திரையிலும் நாலு மணி.

"கரெக்டாத்தானே கீது?" என்றது கூட்டம்.

ஷெட்டில் இருந்த முனுசாமி அண்ணனுக்குப் போன் போட்டு, "ஒரு ட்ரையல் போடுங்கண்ணே" என்றேன். அணைத்தார். போட்டார். லேப்டாப்பில் ஷெட் மறுபடி உயிர் பெற்றது. ஒன்பதாம் வால்வு: ஆறரை. திரையில்? அதே நாலு மணி. எந்தக் கூச்சமும் இல்லாமல்.

தேவராஜ் சார் எழுந்து வந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது..."

"தினமும் இதுதான் சார் நடந்திருக்கு. அந்தப் போட்டோல ஓடுறது நாலு மணித் தண்ணி இல்ல. ஆறரைத் தண்ணி. அப்ப சாந்தி ரயில்ல."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப முனுசாமி மேலதான் தப்பு, சுவிட்ச்சுல கைய வெக்கக்கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். ஒருத்தி மீதிருந்த பழியை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்க எவ்வளவு அவசரம். போனில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணனின் குரல் கம்மியாக வந்தது. "ட்ரையல் போடாம நான் எப்டி வுடுறது? மோட்டாரு எரிஞ்சா யாரு பொறுப்பு?"

"நீங்க போடுங்கண்ணே. தினமும் போடுங்க. அணைச்சுப் போட்டா மறந்துபோற மெஷினைத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, புது வேலையை உள்ளே ஏற்றினேன். மறுபடி சேவ். மறுபடி ட்ரையல். அணைத்திருந்த நேரத்தில் ஒன்பது கட்டங்களும் 'தெரியவில்லை' என்று காட்டின.

"இது இன்னா, தெரியவில்லைன்னு அசிங்கமா? வெளியாளுங்க வந்து பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்று தேவராஜ் சார் நெளிந்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி, அந்த டைம்ல பழசையே காட்டிக்கினு இருக்கலாமில்ல?"

"முடியாது சார்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. "தெரியாததத் தெரியும்னு காட்டித்தான் இவ்வளவும்."

ஷெட் எழுந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஒன்பது: நாலு மணி. லேப்டாப்பிலும் நாலு மணி. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆபீஸ் வேலையில் எத்தனையோ பெரிய தவறுகளைப் பிடித்திருக்கிறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

தேவராஜ் சார் மனிதர் நல்லவர். சாந்தி பக்கம் திரும்பி, "தப்பு ஆயிடுச்சும்மா. வால்வ மூடுற பேச்சே இல்ல. அவ்ளோதான், மீட்டிங் முடிஞ்சது" என்றார். நாற்காலிகள் நகரும் சத்தம். நானும் லேப்டாப்பை மூடப்போனேன்.

சாந்தி எழுந்திருக்கவில்லை.

"சார், குரூப்புல?"

"குரூப்புல இன்னாம்மா?"

"போட்டோ போட்டீங்களே. தண்ணிய வீணாக்கினேன்னு. அது அப்டியேதான கீது?"

"அதான் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சே. நாளைக்கு தானா மேல போயிடும். யாரு தேடிப் பாக்கப் போறாங்க?"

"இங்க வந்தவங்களுக்குத் தெரிஞ்சிச்சி. வராதவங்களுக்கு நான் இன்னும் அப்டியேதான் கீறேன். உள்ள மாத்திட்டீங்க, சரி. வெளிய பழசே நின்னுக்கினு இருந்தா எப்டி சார்?"

நான் லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டேன். நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டி நான் கண்டுபிடித்ததை, அவள் ஒரு மனிதரிடம் நேராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சங்கத்தின் மனசு மாறிவிட்டது. சங்கத்தின் முகப்பு மாறவில்லை. இந்த ஒரு பாதி வேலையைத்தான் நாம் எல்லோரும் முழு வேலை என்று நினைத்து எழுந்துபோகிறோம். வீட்டிலும் அப்படித்தான், ஆபீஸிலும் அப்படித்தான். திட்டுவது நாலு பேர் முன்னால். மனசு மாறுவது மட்டும் தனியாக, யாருக்கும் தெரியாமல்.

"சாயங்காலம் போடுறேம்மா."

"இப்ப போடுங்க சார். இன்னிக்கு லீவு போட்டுட்டுதான் வந்துகீறேன். ஒக்காந்துக்கினு இருக்கேன்."

குரலை உயர்த்தவில்லை. கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே போனவர்களில் சிலர் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். தேவராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் சாந்திக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அன்றைக்கு லீவுதான்.

அவர் போனை எடுத்தார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அடித்தார். 'ஒன்பதாம் வால்வு வீட்டு சாந்தி தண்ணீரை வீணாக்கவில்லை. மெஷின் தவறு. சங்கம் வருந்துகிறது.' கூடவே பழைய படத்தையும் அழிக்கப் பார்த்தார். நாட்பட்டதால் எல்லோரிடமிருந்தும் அழியவில்லை. "பரவால்ல சார், அதுக்குக் கீழயே பதிலா போட்டுடுங்க. ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்" என்றாள் சாந்தி. போட்டார். அவள் தன் போனில் அது வந்துவிழுந்ததைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி எனக்கு ஆபீஸ் முறை. முதல் வண்டி. சாந்தி ஓடிவந்து எதிரில் உட்கார்ந்தாள். தலை குளித்திருந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, தோளில் துண்டோடு.

"இன்னாக்கா, இன்னிக்கு ஆபீஸா?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

அன்றைக்குத் திரையில் ஒன்பதாம் கட்டத்தில் டிக் விழுந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.